ஆறாவது வரி

அந்தப் படத்தை மூடிவிடாதீர்கள். ஒரு நிமிடம். எட்டிப் பார்த்தேன் என்று நினைக்க வேண்டாம், டிரைவர் பிரேக் போட்டபோது உங்கள் போன் என் பக்கம் சாய்ந்தது, கண்ணில் பட்டுவிட்டது. தேனி வரைபடம்தானே? மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி புள்ளியாக இருக்கிறதே, அதுதான். அதில் இருக்கிற எழுத்தெல்லாம் நான் போட்டது.

நிஜமாகத்தான். எந்தப் புள்ளியையாவது தொடுங்கள், ஒரு சின்னக் கட்டம் திறக்கும், உள்ளே இரண்டு மூன்று வார்த்தை இருக்கும். அதுதான் லேபிள். வலது பக்கம் கீழ் மூலையில் எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒரு பெட்டி இருக்கிறதா? அதற்கு லெஜண்ட் என்று பெயர். அதுவும் நான் வைத்ததுதான். முதலில் இடது மூலையில் வைத்திருந்தேன். ரயில்வே லைன் மறைந்தது. வலது பக்கம் இழுத்துவிட்டேன்.

பொதுவாக நான் பஸ்ஸில் யாரிடமும் பேச மாட்டேன். பஸ்ஸில் என்ன, எங்கேயும்தான். டீக்கடையில் சர்க்கரை போட்டுவிட்டால்கூட அப்படியே குடித்துவிட்டு வந்துவிடுவேன். இன்றைக்குக் காலையிலிருந்து மதுரையில் ஒரு கல்லூரியில் பேசிக்கொண்டே இருந்தேன், பயிற்சி வகுப்பு. வாய் இன்னும் நிற்கவில்லை போலிருக்கிறது.

இந்த லிங்க்கை உங்களுக்கு யார் அனுப்பினார்கள்? விடுதி வார்டனா? புதிதாகச் சேர்கிற பெண்களுக்கெல்லாம் அனுப்புகிறாரா? என்ன எழுதியிருக்கிறார், காட்டுங்கள். “பஸ் ஸ்டாண்டில் இறங்கி பச்சைப் புள்ளி உள்ள பஞ்சுக் கிடங்குச் சந்து வழியாக வரவும்.” ம். சரி.

சரி. தேனிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இப்போதுதான் செக்கானூரணி தாண்டியிருக்கிறோம்.

எனக்கு அந்தப் பச்சையில் ஒரு வருத்தம் உண்டு. வேறு எந்த வருத்தமும் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியைப் பாருங்கள். பச்சைக்கு நேராக என்ன போட்டிருக்கிறது? “சரிசெய்யப்பட்டது.” பாதுகாப்பானது என்று போட்டிருக்கிறதா? இல்லை. புகார் வந்தது, ஆபீஸில் கொடுத்தோம், அவர்கள் செய்துவிட்டார்கள், அவ்வளவுதான் அதன் அர்த்தம். ஆனால் யாரும் பெட்டியைப் படிப்பதில்லை. பச்சை என்றால் போகலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சிக்னல் பார்த்துப் பழகிய கண். உங்கள் வார்டன் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் மேல் தப்பு இல்லை. சரிசெய்த புள்ளியை அழித்துவிட வேண்டும், பச்சையாக்கக் கூடாது என்று நான் அப்போதே சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. மீட்டிங்கில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் பிஸ்கட் வந்துவிட்டது.

நான் பூகோளம் படித்தவள். படித்துவிட்டு ஒரு வருடம் வீட்டில் இருந்தேன். அப்புறம் தேனியில் ஒரு சின்ன அறக்கட்டளையில் வேலை கிடைத்தது. பெண்கள் நடமாடுகிற இடங்களில் எங்கெங்கே பயம் இருக்கிறதோ அதையெல்லாம் ஒரு வரைபடத்தில் போட்டு, அதிகாரிகளிடம் கொடுத்து சரிசெய்ய வைக்க வேண்டும். இதுதான் திட்டம். வேலைக்குக் கூப்பிட்டபோது எனக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுத வராதே என்று பயந்தேன். மெல்வின் சார் சிரித்தார். அவர்தான் எங்கள் ஒருங்கிணைப்பாளர். “கோடிங்கெல்லாம் ஒண்ணும் வேணாம்மா. கல்யாணப் பத்திரிகையில பேரு எழுதத் தெரியுமா? அது போதும்” என்றார்.

உண்மைதான். ஒரு வெப்சைட் இருக்கிறது. வரைபடத்தில் இடத்தைத் தொட்டால் ஒரு புள்ளி விழும். என்ன வகை என்று கேட்கும், தேர்ந்தெடுத்தால் நிறம் தானாக வந்துவிடும். என்ன பெயர் என்று கேட்கும், டைப் அடித்தால் லேபிள். லெஜண்டையும் அதுவே செய்துகொள்ளும். நமக்கு வேலை என்னவென்றால் எழுத்தின் அளவு, லேபிள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பார்த்துக்கொள்வது, எவ்வளவு கிட்டே போனால் எது தெரிய வேண்டும் என்று வைப்பது. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லா லேபிளும் தெரியக் கூடாது, ஊரே எழுத்தாகிவிடும். கிட்டே போகப் போகத்தான் தெரிய வேண்டும். எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. யாரிடமும் பேச வேண்டியதில்லை.

ஆபீஸில் என்னோடு மும்தாஜ் இருந்தாள். அவள் வெளியே போய்க் கல்லூரிப் பெண்கள், ஜவுளிக்கடைப் பெண்கள், பூக்காரிகள் என்று எல்லோரிடமும் கேட்டு வருவாள். சிலர் பேப்பரில் எழுதிக் கொடுப்பார்கள், சிலர் வாட்ஸப்பில் அனுப்புவார்கள். நான் உட்கார்ந்து புள்ளி வைப்பேன். “அடியே நாகஜோதி, உனக்கு ஆண்டவன் வாயை வைக்காம விரலை மட்டும் வச்சுட்டான்டி” என்பாள். அவள் என்ன சொன்னாலும் எனக்குக் கோபம் வராது.

முதல் வாரம் நான் லெஜண்டில் ஏகப்பட்ட வரி போட்டிருந்தேன். மெல்வின் சார் தன் போனில் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார். போன் சின்னது. பெட்டிக்குள் ஐந்து வரிதான் தெரியும். ஆறாவது வரி கீழே போய்விடும், விரலால் தள்ளினால்தான் வரும்.

“யாரும்மா தள்ளிப் பாக்கப் போறா? அஞ்சோட நிறுத்து” என்றார்.

அது நியாயம். அவர் சொன்ன இன்னொரு விஷயமும் நியாயம்தான். “ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஆபீஸ் இருக்கணும். விளக்கு இல்லைன்னா நகராட்சி. புதர், குப்பைன்னா நகராட்சி. நாய்ன்னா அதுவும் நகராட்சி. மதுக்கடைன்னா கலெக்டர் ஆபீஸ். கொண்டு போய்க் குடுத்தா வாங்கிக்க ஒரு ஆள் வேணும்ல?”

அப்படித்தான் மஞ்சள், பழுப்பு, ஆரஞ்சு, சிவப்பு என்று நாலு வந்தது. ஐந்தாவது பச்சை. பச்சை கண்டிப்பாக வேண்டும், பணம் கொடுக்கிறவர்கள் பச்சையைத்தான் தேடுவார்கள் என்றார்.

மும்தாஜ்தான் கேட்டாள். “சார், இதுல பாதிப் புள்ளைங்க எழுதியிருக்கறது தொந்தரவுதான சார்? பின்னாலயே வர்றான், இடிச்சுட்டுப் போறான், கையப் புடிக்கறான். அதுக்கு என்ன கலரு?”

“தொந்தரவுன்னு போட்டா யாருகிட்டம்மா குடுக்கறது?”

“போலீஸ்ல.”

“போலீஸ்ல குடுத்தா யாரு, எப்ப, சாட்சி யாருன்னு கேப்பாங்க. புள்ளைங்க பேரைச் சொல்லுவாங்களா? நாம எடத்தைத்தான் சரிபண்ண முடியும், ஆளைச் சரிபண்ண முடியாது. எடம் சரியானா எல்லாம் சரியாகும்.”

மும்தாஜ் என்னைப் பார்த்தாள். நான் எழுத்தின் அளவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் பிரிக்கிற வேலை என்னுடையது. ஒரு பெண், சைக்கிளில் வந்து இடிக்கிறான் என்று எழுதியிருப்பாள். நான் அந்த இடத்தை நேரில் போய்ப் பார்ப்பேன். ஓரமாகக் கருவேலம் புதர் இருக்கும். பழுப்பு. இன்னொரு பெண், கடையிலிருந்து திரும்பும்போது பின்னாலேயே பேசிக்கொண்டு வருகிறான் என்றிருப்பாள். கம்பத்தில் பல்ப் இருக்காது. மஞ்சள். எங்கே போய் நின்று பார்த்தாலும் இந்த நாலில் ஒன்று கண்டிப்பாக இருக்கும், பாருங்கள். ஒருமுறைகூட இல்லாமல் போனதில்லை. பொய்யாக எதுவும் போட்டதில்லை. லேபிள் மூன்று வார்த்தைக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு விதி இருந்தது, அதையும் மீறினதில்லை. மெல்வின் சார் என்னைக் காட்டி, “இந்தப் பொண்ணுதான் அழுகாச்சிக் கதையெல்லாம் டேட்டாவா மாத்துது” என்று வந்தவர்களிடம் சொல்வார். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் பிடிக்கும்.

உசிலம்பட்டி வந்துவிட்டது. ஏதாவது வாங்குகிறீர்களா? வெள்ளரிக்காய் நன்றாக இருக்கும். எனக்கு வேண்டாம். இல்லை, நிஜமாகவே வேண்டாம், இப்போதெல்லாம் வெளியில் எதுவும் சாப்பிடுவதில்லை. வீட்டிலும் கொஞ்சம்தான்.

எங்கே விட்டேன்? பஞ்சுக் கிடங்குச் சந்து.

எங்கள் வீடு வாய்க்கால் கரைத் தெருவில். ஆபீஸ் பஸ் ஸ்டாண்ட் பக்கம். நடுவில் அந்தச் சந்து. மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப அது குறுக்கு வழி. ஒரு பக்கம் கிடங்கின் நீளச் சுவர், இன்னொரு பக்கம் இடிந்த வீடு. பஞ்சு இப்போது வருவதில்லை, வேறு ஏதேதோ மூட்டை வரும். வாசலில் எடைபோடுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அப்பா வயது இருக்கும். தினமும் நான் போகும்போது, “ஆபீசுக்கா பாப்பா?” என்பார். நான் தலையாட்டுவேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் எங்களுக்குள் பேச்சு.

பங்குனி மாதம். அன்றைக்கு அம்மா குழிப்பணியாரம் சுட்டிருந்தார். மும்தாஜுக்குப் பிடிக்கும் என்று ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். நான் சந்தில் நடந்து வந்தேன். அவர் வாசலில் இல்லை. கொஞ்சம் தள்ளி, சுவர் வளைகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். “ஆபீசுக்கா பாப்பா?” என்றார். நான் தலையாட்டினேன்.

அப்புறம் என்னைச் சுவரோடு வைத்துப் பிடித்துக்கொண்டார். ஒரு கை என் வாயில். இன்னொரு கை வேறு இடத்தில். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சுவர் சுட்டது. மூன்று மணி வெயில். முதுகு முழுக்கச் சுட்டது. அவர் சட்டைப் பையில் ஒரு பேனா இருந்தது, அதன் மூடியில் வெயில் பட்டுக் கண் கூசியது. தெருமுனையில் ஏதோ டூவீலர் ஹாரன் அடித்தது, விட்டுவிட்டார். டப்பா கீழே விழுந்திருந்தது. பணியாரம் எல்லாம் மண்ணில். அவர் குனிந்து டப்பாவின் மூடியை எடுத்து, வேட்டியில் துடைத்து, “இந்தாம்மா” என்று கொடுத்தார்.

நான் வாங்கிக்கொண்டேன்.

ஒன்றும் சொல்ல வேண்டாம், பரவாயில்லை. அப்படிப் பார்க்காதீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. அன்றைக்கே ஒன்றுமில்லை. நேராக ஆபீசுக்குத்தான் வந்தேன், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தேன்.

“பணியாரம் எங்கடி?” என்றாள் மும்தாஜ். வீட்டிலிருந்து கிளம்பும்போது போனில் சொல்லியிருந்தேன்.

“கீழ விழுந்துருச்சு.”

“எல்லாமுமா?”

“எல்லாமும்தான்.”

“நல்லா வந்து சேந்த போ. வெறும் டப்பாவைத் தூக்கிட்டு வந்துருக்கா, நான் மோந்து பாக்கவா?” என்றாள். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். அந்த இடத்துக்கு ஒரு புள்ளி வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்காதீர்கள், வைப்பதுதானே என் வேலை. என்ன வகை என்று கேட்டது. நாலு வரி. நான் கண்ணை மூடிச் சந்தை நினைத்துப் பார்த்தேன். புதர் இல்லை. நாய் இல்லை. மதுக்கடை தூரம். கம்பம் ஒன்று இருக்கிறது, அதில் விளக்கு இல்லை. “விளக்கு இல்லை” என்று போட்டேன். மஞ்சள் விழுந்தது. அது பொய் இல்லை. அந்தக் கம்பத்தில் நிஜமாகவே விளக்கு இல்லை. அதற்கப்புறம் ஆரஞ்சுப் புள்ளிகள் நிறைய பாக்கி இருந்தன, எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு ஒரு லேபிள்கூடத் தப்பாகவில்லை. மறுநாள் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம்.

பஸ் ஸ்டாண்ட் ரோடு வழியாகச் சுற்றிப் போனேன். இப்போதும் சுற்றித்தான் போகிறேன். நடப்பது உடம்புக்கு நல்லது. பணியாரம் மட்டும் சாப்பிடுவதில்லை. அது எண்ணெய்.

அம்மாவிடமா? என்ன சொல்வது? கொஞ்ச நாள் கழித்து, “ஏன்டி சோறு அப்படியே கெடக்கு? முன்னெல்லாம் ரெண்டாந்தரம் கேப்பியே” என்றார். வெயில் என்றேன். வெயில் போய் மழை வந்ததும், மழை என்றேன். “மழைக்குப் பசிக்காம இருக்குமாடி யாருக்காச்சும்?” என்றார். அவ்வளவோடு விட்டுவிட்டார். மும்தாஜ் இருந்தால் விட்டிருக்க மாட்டாள். அவளுக்கு ஆடியில் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள்.

கணவாய் ஏறுகிறது பாருங்கள். இங்கே கொஞ்ச தூரம் சிக்னல் இருக்காது. வரைபடம் சாம்பல் கட்டம் கட்டமாக வரும், பயப்படாதீர்கள், ஆண்டிபட்டியில் திரும்ப வந்துவிடும்.

வரைபடம் முடிந்து அதிகாரிகளிடம் கொடுத்தோம். பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். ஒரு அதிகாரி, எதை உடனே செய்யலாம் என்று கேட்டார். பொறியாளர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, “இந்தப் பஞ்சுக் கிடங்கு சந்துல கம்பம் ஏற்கனவே இருக்கு சார், லைட்டு மாட்டுனாப் போதும், நாளைக்கே முடிச்சிரலாம்” என்றார்.

மறுநாள் முடிக்கவில்லை, அடுத்த வாரம் முடித்தார்கள். எங்கள் முதல் பச்சை அதுதான். மெல்வின் சாருக்குக் கால் தரையில் இல்லை. சாயங்காலம் எல்லோரும் அங்கே வந்துவிட வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும் என்றார். நான் தலைவலி என்றேன். “இந்தப் புள்ளியை வச்சதே நீதானம்மா, நீ இல்லாம எப்படி?” என்றார். போனேன்.

கவுன்சிலர் வந்திருந்தார். லைன்மேன் வந்திருந்தார், ஆனால் ஏணி இல்லை. ஏணிக்கு எங்கே போவது என்று ஆளாளுக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது கிடங்கின் உள்ளேயிருந்து ஒரு ஏணி வந்தது. அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். கம்பத்தில் சாத்தி, லைன்மேன் ஏறும்போது ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மெல்வின் சார் அவரிடம், “ரொம்ப நன்றிண்ணே. இந்தப் பொண்ணாலதான் இந்த லைட்டே வந்துச்சு” என்று என்னைக் காட்டினார்.

அவர் என்னைப் பார்த்தார். “நல்ல காரியம். பொம்பளப் புள்ளைக நடமாடுற எடம்” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பழக்கம்தான்.

விளக்கு எரிந்தது. வெள்ளை விளக்கு. நன்றாகவே எரிந்தது, குறை சொல்லக் கூடாது.

ஆபீஸில் வந்து நிறத்தை நான்தான் மாற்றினேன். மஞ்சளை எடுத்துவிட்டுப் பச்சை. போட்டோவையும் புள்ளிக்குள் சேர்க்கச் சொன்னார் மெல்வின் சார். உதவி செய்தவர் பெயரையும் போடு, மக்கள் பங்கேற்பு மாதிரி இருக்கும் என்றார். பெயர் எனக்குத் தெரியாது. அவரே விசாரித்துச் சொன்னார். போட்டோவுக்குக் கீழே டைப் அடித்தேன். “ஏணி உதவி: திரு. செல்லமுத்து.” “திரு” போடாமல் விட்டிருந்தேன், மெல்வின் சார் பார்த்துவிட்டுப் போடச் சொன்னார்.

அதிலிருந்து, இப்படி வரைபடம் போடக் கற்றுக்கொடுக்கிற பயிற்சி எங்கே நடந்தாலும் அந்தச் சந்துதான் உதாரணம். முதலில் மஞ்சள், அப்புறம் பச்சை, அப்புறம் போட்டோ. மெல்வின் சாருக்கு நேரம் இல்லாமல் போனபோது என்னை அனுப்ப ஆரம்பித்தார். நான் போய்ப் பேசுகிறேன். பாருங்கள், நான் பேசுகிறேன்! முதல் தடவை பேப்பரைப் பார்த்தே படித்தேன். இப்போது அதெல்லாம் இல்லை. சொல்லி வைத்ததைச் சொல்வேன். எத்தனையோ கல்லூரி ஆகிவிட்டது. சொல்லச் சொல்ல அது ஏதோ வேறு ஊரில் இருக்கிற சந்து மாதிரி ஆகிவிட்டது. அதுவும் நல்லதுதான்.

இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு பெண். என்னை மாதிரியே, கையைத் தூக்கிவிட்டு, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கீழே போட்டாள். நான் பார்த்துவிட்டேன். “கேளுங்கம்மா” என்றேன்.

எழுந்து நின்று, ரொம்ப மெதுவாக, “மேடம், பகல்ல நடந்தா எந்தக் கலர் மேடம்?” என்றாள்.

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்களோ தெரியவில்லை. நான் பயிற்சிக் குறிப்பில் இருக்கிற பதிலைச் சொன்னேன். “இருக்கறதுல எது பக்கமா வருதோ அதைப் போட்டுக்கோங்க.” அவள் “சரிங்க மேடம்” என்று உட்கார்ந்துவிட்டாள். முடியும் வரை மடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு முன்னால் கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு மஞ்சள் புள்ளி வைத்திருந்தாள். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். லேபிள் கச்சிதமாக இருந்தது, இரண்டே வார்த்தை. “நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவளுடைய ஊர் எது என்றுகூடக் கேட்கவில்லை.

ஆண்டிபட்டி. உங்களுக்குச் சிக்னல் வந்துவிட்டதா? அந்தப் பச்சையைத் தொடுங்கள். போட்டோ வருகிறதா? இரண்டு விரலால் பெரிதாக்குங்கள். வெள்ளைச் சட்டை கவுன்சிலர். கண்ணாடி போட்டவர் மெல்வின் சார். ஓரத்தில் துப்பட்டாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பது நான். கம்பத்துக்குக் கீழே பாருங்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாரே.

ஆமாம். அவர்தான்.

இப்போதும் அங்கேதான் இருக்கிறார். உங்கள் விடுதிப் பின்கதவுக்கு எதிர் வாசல். லேப் டெக்னீஷியன் வேலை என்று பஸ் ஏறும்போது போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தீர்களே, மதிய ஷிஃப்ட் வரும். மூன்று மணி வாக்கில் போக வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் அந்தச் சந்தில் ஆள் இருக்காது.

நீங்கள் ரோடு வழியாகச் சுற்றிப் போங்கள். கொஞ்சம் தூரம்தான். நானும் அப்படித்தான், பழகிவிடும்.

என்ன கேட்டீர்கள்? நீங்கள் சுற்றிப் போவீர்கள், சரி, விடுதியில் மற்றப் பெண்கள்? அவர்களிடம் பச்சைதானே இருக்கிறது?

ஆமாம். பச்சைதான் இருக்கிறது.

வார்டன் எல்லோருக்கும் அனுப்புகிறார் என்று சொன்னீர்கள், இல்லையா? வருகிறவர்களுக்கெல்லாம்.

என் பையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா? என் போனிலிருந்தும் உள்ளே போகலாம். மாற்றுகிற அனுமதி எனக்கும் மெல்வின் சாருக்கும் மட்டும்தான். பஸ் ஆடுகிறது, புள்ளி வேறு இடத்தில் விழுந்துவிடக் கூடாது. கம்பத்துக்குப் பக்கத்தில் இல்லை. இன்னும் உள்ளே. சுவர் வளைகிற இடம். இங்கே. விழுந்துவிட்டது.

வகை கேட்கிறது. நாலும் காட்டுகிறது, பச்சையும் காட்டுகிறது. கீழே “புதிய வகை” என்று ஒன்று இருக்கிறது, அதை நாங்கள் தொடுவதில்லை. தொட்டால் லெஜண்டில் வரி கூடிவிடும். நிறம் கருப்பு வைக்கிறேன், மற்றதோடு கலக்காது. வகையின் பெயர். விளக்கு, புதர், நாய், கடை எல்லாம் இருக்கிறது. “ஆள்” என்று போடுகிறேன். இரண்டே எழுத்து, பெட்டியில் அடங்கும்.

இனி லேபிள்.

மூன்று வார்த்தைக்கு மேல் போகிறது. போகட்டும். நாளைக் காலையில் மெல்வின் சார் பார்ப்பார். இது என்னம்மா, எந்த ஆபீஸில் குடுக்கறது என்று கேட்பார். கேட்கட்டும், அவர் கேட்கிறபோது அவரிடமும் சொல்ல வேண்டும். எடுத்துவிட்டால் திரும்ப வைக்க வேண்டும். பழைய மஞ்சளையும் பழுப்பையும்கூட ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். அந்தப் பெண்கள் எழுதிக் கொடுத்தது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறக்கவில்லை.

எழுத்தை ஒருமுறை சரிபார்த்துவிடுகிறேன். தப்பு ஒன்றுமில்லை. சேமித்துவிட்டேன்.

க. விலக்கு ஸ்டாப் தாண்டிவிட்டது, நாம் இறங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. உங்கள் போனில் ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். கருப்பாக ஒன்று வந்திருக்கும், தொடுங்கள். சத்தமாகப் படிக்க வேண்டாம். சரி, படியுங்கள், பரவாயில்லை.

“பகல் மூன்று மணி. நல்ல வெளிச்சம் இருந்தது.”

ஆமாம். அவ்வளவுதான். இப்போது அந்த மூலைப் பெட்டியைப் பாருங்கள். ஐந்துதான் தெரிகிறதா? கீழே இருக்கிறது. விரலை வைத்து மேலே தள்ளுங்கள். இன்னும் கொஞ்சம்.

தெரிகிறதா?